கோழி எண்ணிய நாட்கள்

மார்ச் 4, புதன்

காலையில் பதினொன்று. மாலையில் பத்து.

இந்த டைரியில் இதுவரை எழுதியதெல்லாம் யாருக்கு எத்தனையாவது டிரைவிங் கிளாஸ், வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றினேன், எந்த மாணவர் எந்த மதில்சுவரில் கொண்டுபோய் இடித்தார் என்பதுதான். இன்றைக்குக் கோழியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் நான். கோழியைத் தொட்டால் மூன்று தடவை கை கழுவுகிற நான்.

பேங்க் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். பின்கதவைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. பதினொரு கோழி இருக்கிற முற்றத்தில் சத்தமே இல்லையென்றால் எப்படி? செருப்புகூடப் போடாமல் இறங்கினேன். எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றன. நடு முற்றத்தில் கொஞ்சம் வெள்ளை இறகு. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு ஆன்டெனாக் கம்பியில் பருந்து உட்கார்ந்திருந்தது. காலுக்கடியில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. என்னைப் பார்த்தும் அது அவசரப்படவில்லை.

போனது வெள்ளைக் குஞ்சு, பாதி வளர்ந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைப்பதெல்லாம் என் வீட்டுக்காரர் வேலை.

அவரிடம் சொல்லவில்லை. சொல்ல, நாங்கள் பேசிக்கொண்டால்தானே.

மார்ச் 5, வியாழன்

பத்து.

எழுதித் தொலைக்கிறேன். இல்லையென்றால் உள்ளேயே கிடந்து புழுங்கும்.

அவர் போய் ஐந்து நாளாகிறது. அவருடைய அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. ஒன்றை இவர் கொடுக்கப்போகிறார். ரத்தம் பொருந்துகிறதாம், எல்லாம் பொருந்துகிறதாம். ஏப்ரல் தொடக்கத்தில் ஆபரேஷன். அதுவரை டெஸ்டுக்கு மேல் டெஸ்ட் என்பதால் அண்ணன் வீட்டிலேயே தங்கல். இங்கிருந்து ஏழு மணி நேரம்.

அந்த அண்ணன் யார்? எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். "ஸ்டியரிங் புடிக்கிறவளுக்குக் குடும்பம் புடிக்கத் தெரியுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர். இருபத்தாறு வருடமாகக் குடும்பம் என் கையில்தான் இருக்கிறது, எந்தச் சுவரிலும் இடிக்கவில்லை. அந்த மனிதருக்கு இவர் தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாராம்.

"எதுக்குங்க? உங்களுக்கென்ன தலையெழுத்தா?" என்று கேட்டேன்.

"அண்ணன்ல," என்றார்.

அவ்வளவுதான் பதில். நூலகத்தில் வேலை பார்க்கிறவர். அங்கே பேசாமல் இருந்து பழகி, வீட்டிலும் அதே வழக்கம். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசித் தீர்த்தேன். "போங்க. தாராளமா போங்க. நான் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன். உங்க கோழிக்கும் நான் பொறுப்பில்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, "சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடைச்சிடணும். கலெக்டருக்கு மட்டும் தவிடு தனியா வை, பெரியம்மா விடமாட்டா," என்றார். இரண்டும் கோழிகள்தான்.

பஸ் திரும்புகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தேன். கை அசைக்கவில்லை. அசைத்திருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

பத்து.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் அவரிடம் ஒரு ஒயரும் ஒரு யோசனையும் இருக்கும்.

"அக்கா, பருந்துக்குக் கண்ணு கூசினா ஆகாது. பழைய சிடி ஏதாவது இருக்கா?"

இருந்தது. என் வீட்டுக்காரர் ஆசையாகச் சேர்த்து வைத்த பாட்டு சிடிக்கள். எடுக்கும்போது கை தயங்கியது. கோழியும் அவருடையதுதானே என்று எடுத்துவிட்டேன். போதாததற்கு ஷெட்டில் மாணவர்கள் உடைத்துப்போட்ட சைடு மிரர் நாலைந்து கிடந்தன. எல்லாவற்றையும் துணி காயப்போடுகிற கொடியில் கட்டித் தொங்கவிட்டோம். முற்றம் நகைக்கடை மாதிரி ஜொலித்தது. கோழிகள் மிரண்டுபோய் மூன்று மணி நேரம் கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. பருந்து மட்டும் ஆன்டெனாவில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து வேடிக்கை பார்த்தது.

பெயர்களை எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் குழம்பிவிடும். கலெக்டர்: எல்லாவற்றிலும் சின்னது, ஆனால் முற்றத்தை ஒரு சுற்று வந்து மூலைமுடுக்கெல்லாம் பார்வையிட்ட பிறகுதான் சாப்பிட வரும். பெரியம்மா: குண்டு, எல்லோரையும் கொத்தும். ஓட்டைவாய்: முட்டை போட்டால் தெருவுக்கே சொல்லும். சீமாட்டி: ஈரத்தில் கால் வைக்காது. மொட்டைவால். இரட்டையர் இரண்டு. மிச்சம் மூன்றும் ஒரே அச்சு, அவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

மார்ச் 11, புதன்

பத்து.

காலையில் கூட்டைத் திறந்துவிட்டு எண்ணும்போது மனதில் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. பத்தும் பத்தாக இருந்தால் அவர் நல்லபடியாக வீடு வந்து சேருவார்.

யார் சொன்னது? யாருமில்லை, நானே சொல்லிக்கொண்டது. "வண்டி வேண்டுதல்ல ஓடாது, க்ளட்ச்ல ஓடும்" என்று மாணவர்களைத் திட்டுகிறவள் நான். ஆனால் நினைத்தது நினைத்ததுதான். நினைத்த பிறகு அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? பெட்ரோல் போடும்போது, சிக்னலில் நிற்கும்போது, பத்து, பத்து என்று உதடு முணுமுணுக்கிறது.

பேசாமல் பகல் முழுக்கக் கூட்டிலேயே அடைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. தகரக் கூரை, வெயிலில் அடுப்பாகிவிடும். பெரியம்மா மற்றதையெல்லாம் கொத்தியே தீர்த்துவிடும். ஆகவே வகுப்புகளை விடிகாலைக்கும் மாலைக்கும் தள்ளிவிட்டு, பகலெல்லாம் பின்படியில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறேன். தெருவில் எனக்கு "கோழி வாட்ச்மேன்" என்று பெயர் வைத்தாயிற்றாம். எலக்ட்ரீஷியன் சொன்னார். அவர்தான் வைத்திருப்பார்.

மார்ச் 13, வெள்ளி

பத்து.

சாயங்காலம் அடைக்கிற நேரம்தான் பெரிய போராட்டம். நான் "பா, பா" என்றால் நின்று முழிக்கின்றன. இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போட்டுவிட்டு ஒரு பார்வை பார்ப்பாரே பேங்க் அம்மா, அதே பார்வை. வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. கலெக்டர் கொய்யாக் கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கம்பை எடுத்து விரட்டினால் எட்டுத் திசைக்கும் சிதறுகின்றன.

அப்போது போன் அடித்தது. அவர். இதுவரை வந்ததெல்லாம் எழுத்தில்தான்: "டெஸ்ட் முடிந்தது." நானும் "சரி" என்று அனுப்புவேன். குரல் வருவது இதுதான் முதல் தடவை.

"அடைச்சாச்சா?"

"வந்தாத்தானே. உங்க மகாராணிகளுக்கு என் குரல் புடிக்கலையாம்."

"ஸ்பீக்கர்ல போடு," என்றார்.

போட்டேன். "பா… பா… பாபாபா… வாங்கம்மா, வாங்க…"

அடேயப்பா! தொட்டிக்குப் பின்னாலிருந்து, மரத்திலிருந்து, செம்பருத்திப் புதருக்குள்ளிருந்து பத்தும் றெக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தன. போனைக் கூட்டுக்குள் வைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. கதவைச் சாத்திய பிறகுதான் போன் உள்ளேயே மாட்டிக்கொண்டது தெரிந்தது. கையை விட்டு எடுப்பதற்குள் பெரியம்மா ஒரு கொத்து கொத்திவிட்டது.

அந்தக் குரலைக் கேட்டு என் காலும் ஓடத்தான் பார்த்தது. எழுதிவிட்டேன். யார் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

பத்து.

தினம் ஐந்து மணிக்குப் போன் வருகிறது. என்னிடம் பேச இல்லை, கோழியிடம் பேச. நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவ்வளவே.

இன்று அடைத்து முடித்த பிறகும் வைக்கவில்லை. "கலெக்டரம்மா, சாப்பிட்டீங்களா?" என்றார். நான் போனைக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தேன். "வீட்டுல இருக்கிறவங்க நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா? அந்த ஒத்தைத் தலைவலி திரும்ப வந்துதா?"

கலெக்டர் எங்கே பதில் சொல்லும். கம்பிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது.

"ஒரு நாள் வந்துச்சு, போயிடுச்சுன்னு சொல்லு கலெக்டர்," என்றேன்.

"மாத்திரை அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்குன்னு சொல்லுங்க."

"தெரியும்னு சொல்லு."

வைத்துவிட்டார். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவர்கள் ஒரு கோழியை நடுவில் வைத்துப் பேசுகிறோம். சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே வந்து, அலமாரியில் இரண்டாவது தட்டைத் திறந்து, மாத்திரை இருப்பதைப் பார்த்துவிட்டு மூடினேன். தலைவலி ஒன்றும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பது.

அஞ்சு நிமிஷம். வெறும் அஞ்சு நிமிஷம். பால் பொங்குதுன்னு உள்ள ஓடினேன். ஒரு சத்தம், ஒரு நிழல். நான் வெளிய வர்றதுக்குள்ள சுவரைத் தாண்டிப் போயிடுச்சு. இரட்டையர்ல ஒண்ணு. இன்னொண்ணு அந்த இடத்திலேயே நின்னு சுத்திச் சுத்திப் பாக்குது.

ஒன்பதுன்னா என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்ல. கோழி கோழிதான், அவர் அவர்தான். அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப எண்ணிப் பாக்குறேன்?

ஐந்து மணிக்கு அவர் கேட்டார்: "இரட்டையர் ரெண்டும் உள்ள வந்தாச்சா?"

"வந்தாச்சு."

பொய் சொன்னேன். இனி ஒன்பதும் ஒன்பதாக இருந்தால் போதும். நான் வைத்த விதிதானே, நானே மாற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஒன்பது.

நேற்று எலக்ட்ரீஷியன் சொன்ன அடுத்த யோசனை: ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குப் பருந்து வராது, ஆகவே ஓர் ஆளைச் செய்து நிறுத்து. இரண்டு கட்டை, ஒரு பழைய தலையணை. சட்டைக்கு என் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்தேன். நீலக் கோடு போட்டது, காலர் நைந்தது. தலைக்கு டிரைவிங் ஸ்கூல் ஹெல்மெட். ஒரே இடத்தில் நின்றால் மூன்றே நாளில் பருந்து கண்டுபிடித்துவிடுமாம், தினமும் இடம் மாற்ற வேண்டுமாம்.

மாற்றுகிறேன். காலையில் தொட்டி பக்கம், மதியம் கொய்யா மரத்தடி. பருந்து இரண்டு நாளாக ஆன்டெனாவிலேயே இறங்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ஒன்பது.

எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறியவர் முற்றத்தைப் பார்த்து, "சார், எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல!" என்று சத்தமாகக் கேட்டார். செய்யச் சொன்னவரே ஏமாந்துபோனார். விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் போன பிறகு சமையலறை ஜன்னலில் நின்று நானும் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது. தோள் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து, கோழியைக் குனிந்து பார்க்கிற மாதிரி. தெரிந்தே பார்த்தும் பின்கதவுவரை போய்விட்டேன்.

மார்ச் 25, புதன்

ஒன்பது. டீ போட்டபோது இரண்டு டம்ளர் எடுத்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஒன்பது.

தேதி வைத்தாயிற்று. ஏப்ரல் எட்டு, காலை ஒன்பது மணி. ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, போன் செய்து சொன்னாள். "நீ வரணும்மா. உன் வீட்டுக்காரரு ஒண்ணும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறாரு. ஆனா வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பாக்குறாரு."

"கோழிங்க இருக்குக்கா. விட்டுட்டு வர முடியாது," என்றேன்.

"கோழியா?" என்றாள்.

எட்டிப் பார்க்கிறாராம். அதை ஏன் என்னிடம் சொன்னாள்? காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பொம்மையின் சட்டையில் தூசி படிந்திருந்தது, கழற்றித் துவைத்தேன். துவைத்த பிறகுதான் அதில் மிச்சமிருந்த வாசனையும் போய்விட்டது உறைத்தது. அதே சட்டையைப் பிழிந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதேன். மொட்டைவால் வந்து என் காலைக் கொத்திப் பார்த்தது.

எனக்கு அவர் வேண்டும். இங்கே, இந்த முற்றத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத பேச்சைக் கோழியிடம் பேசிக்கொண்டு இருக்க வேண்டும். கிட்னி ஒன்றோ இரண்டோ. இதை அவரிடம் சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை?

ஏப்ரல் 2, வியாழன்

ஒன்பது.

மீன் வலை வாங்கி மேலே கட்டுவதுதான் கடைசி வழி என்று எலக்ட்ரீஷியன் தீர்ப்புச் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை வேடிக்கை நடந்திருக்காது. சுவருக்கும் மரத்துக்கும் இழுத்துக் கட்டினோம். பாதி முற்றத்துக்குத்தான் வந்தது. தொட்டி பக்கமும் புதர் பக்கமும் மூடியாயிற்று. கூட்டுக்கு முன்னால் உள்ள வெட்டவெளி பாக்கி. அடுத்த வாரம் மீதி வலை வரும்.

ஏப்ரல் 6, திங்கள்

எட்டு.

நான்தான். பருந்து இல்ல, நான்தான்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். கோழிகள் எல்லாம் புதருக்குள் வலைக்கடியில் ஒடுங்கியிருந்தன. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் ஒன்றுகூட மண்ணைக் கிளறவில்லை, ஓட்டைவாய்கூட வாயைத் திறக்கவில்லை. மேலே பார்த்திருக்க வேண்டும். தினமும் ஆயிரம் தடவை "மிரரைப் பாரு, மிரரைப் பாரு" என்று கத்துகிறவள் நான்.

போன் அடித்தது. ஐந்து மணிக்குத்தானே கூப்பிடுவார்? ஓடி எடுத்தேன்.

"நாளைக்கு அட்மிட் ஆகணும். இன்னிக்கு மூணு மணிக்கு மேல ஏதோ ஸ்கேனாம், சாயங்காலம் பேச முடியாது. அதான் இப்பவே…"

"ம்."

"ஒரு தடவை கூப்பிட்டுக்கட்டுமா? அதுங்க சத்தத்தைக் கேக்கணும்போல இருக்கு."

வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தக் குரல் முற்றம் முழுக்கக் கேட்க வேண்டும் என்று இருந்தது. போனில் காதுக்குள் கேட்பது போதவில்லை. ஸ்பீக்கரை அமுக்கி, போனைக் கூட்டுக்கு முன்னால், வலை இல்லாத இடத்தில், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"பா… பா… பாபாபா… வாங்கம்மா…"

வந்தன. ஒளிந்திருந்த இடத்தை விட்டு எல்லாம் வெளியே வந்தன. முதலில் ஓடி வந்தது கலெக்டர். என்றைக்கும் கடைசியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற கலெக்டர், இன்றைக்கு முதலில் வந்தது. என் காலுக்கு மூன்றடி தூரத்தில்தான்— 

அது கத்திய சத்தம் போனுக்குள்ளும் போயிருக்கும்.

"என்னாச்சு? யாரு அது?" என்றார்.

"ஒண்ணுமில்ல. காக்கா வந்துச்சு. விரட்டிட்டேன்."

"சரி. பாத்துக்கோ," என்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எட்டு.

விடிகாலையில் பேங்க் அம்மாவுக்கு வகுப்பு. எதிரில் பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர். இன்றைக்கும் மூடினார். என் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினேன். திட்ட வேண்டியது நான். ஆனால் நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் பயந்துபோய் வண்டியை ஓரம்கட்டினார், இண்டிகேட்டர் போட்டு, மிரர் பார்த்து, ஒழுங்காக.

எல்லாவற்றையும் சொன்னேன். கிட்னி, அண்ணன், நாளைக்கு ஆபரேஷன், கலெக்டர்.

"நாளைக்கா? அப்ப நீங்க ஏன் மேடம் இங்க இருக்கீங்க?"

"கோழி இருக்குல்ல."

சொன்னேன். சொல்லிவிட்டு அதை நானே என் காதால் கேட்டேன். கோழி இருக்கு. என் புருஷனை நாளைக்குக் காலையில் அறுக்கப்போகிறார்கள், நான் இங்கே கோழி எண்ணிக்கொண்டிருக்கிறேன். பஸ் வருகிறபோது கண்ணை மூடுகிற பெண்மணி என்னைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

காவல் காக்கிறேன், காவல் காக்கிறேன் என்று நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்தக் கோழிகள் புதருக்குள் ஒடுங்கின மாதிரி.

மணி பத்தரை. எலக்ட்ரீஷியனிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். "எத்தனை இருக்குன்னு எண்ணி வெச்சுட்டுப் போங்கக்கா, அப்புறம் என்மேல பழி வரக் கூடாது," என்றார். எட்டு என்றேன். எட்டு ஏழானாலும் சரி, ஒன்றுமே இல்லாமல் போனாலும் சரி, நான் கிளம்புகிறேன். ஸ்கூல் வண்டிதான் இருக்கிறது. கூரையில் போர்டோடு அப்படியே போகிறேன்.

ஏப்ரல் 8, புதன்

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வார்டில் பச்சைச் சட்டை போட்டுப் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கோழியை யாரு பாக்குறா?"

"எலக்ட்ரீஷியன்."

"சரிதான். கூட்டுக்குள்ள ஃபேன் மாட்டிடுவான்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "கலெக்டர் போயிட்டாங்க. உங்க குரலைக் கேட்டு வெளிய வந்து… நான்தான் மேல பாக்கல."

"தெரியும். அது கத்துறது எனக்குத் தெரியாதா? நீ காக்கான்னு சொன்னப்பவே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அந்தப் பொய்யை நீ எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன. அதையும் ஏன் கெடுப்பானேன்னுதான்."

பாவி மனுஷன். கையில் ஊசிக்குழாய் ஒட்டியிருந்த இடத்தை விட்டு மற்ற இடத்தைப் பிடித்துக்கொண்டேன். இரட்டையரில் ஒன்று போனதையும் சொன்னேன், வெள்ளைக் குஞ்சையும் சொன்னேன். பத்து, ஒன்பது என்று நான் மனதுக்குள் போட்டுக்கொண்ட முடிச்சை மட்டும் சொல்லவில்லை. "நீங்க இல்லாம வீட்டுல இருக்க முடியல," என்றேன். இருபத்தாறு வருடத்தில் இப்படி நேராகச் சொன்னதில்லை. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். எண்ணுவதற்குக் கோழி இல்லை. பெஞ்சுக்கு எதிரே தரையில் ஓடுகள். நாற்பத்திரண்டு. திரும்ப எண்ணினாலும் நாற்பத்திரண்டு.

மூன்றே காலுக்கு டாக்டர் வந்து, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். ஓரகத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று அண்ணனைப் பார்க்க விட்டார்கள். முகமூடி கட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவோரம் நின்றேன். பெரிய உருவம் என்று நினைவில் இருந்தவர் கட்டிலில் ஒரு ஓரமாகக் கிடந்தார்.

"வந்துட்டியாம்மா. வண்டி… நீயே ஓட்டிட்டு வந்தியாமே."

"ஆமாங்க. ஏழு மணி நேரம்."

"நான் அன்னிக்குச் சொன்னது…"

"இப்ப எதுக்கு அதெல்லாம். தூங்குங்க."

கோபம் போய்விட்டதா? தொட்டுப் பார்த்தேன், கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அவர் உடம்புக்குள் என் புருஷனின் ஒரு பங்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. அது நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 15, புதன்

வகுப்புகள் காத்துக்கிடக்கின்றன என்று நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அவர் இன்னும் நாலு வாரம் அங்கேதான், கனம் தூக்கக் கூடாது, அலையக் கூடாது.

எட்டு! எலக்ட்ரீஷியன் மீதி வலையையும் கட்டி முடித்திருந்தார். கூட்டுக்குள் நிஜமாகவே ஒரு குட்டி ஃபேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

எட்டு.

பருந்து இன்று ஆன்டெனாவுக்குத் திரும்பி வந்தது. வலைக்கு மேலே இரண்டு வட்டம் போட்டுவிட்டுப் போயிற்று. அதற்கும் பசிதான். அதைத் திட்ட எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

ஐந்து மணிக்குப் போன். நாலு பக்கமும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பீக்கரை அமுக்குகிறேன். கோழிகளை அடைத்த பிறகு ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். மீதி எங்களுக்கு. நேற்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுமே இல்லை. இன்னும் பதினான்கு நாள்.

மே 10, ஞாயிறு

கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்கூல் வண்டியில் என் இடத்தில், அதாவது சொல்லிக்கொடுக்கிறவர் சீட்டில் அவரை உட்காரவைத்தேன். வயிற்றுக்குத் தலையணை. அந்தப் பக்கம் ஒரு பிரேக் இருப்பதை மறந்துபோனேன். குண்டுகுழி வரும் முன்னாலேயே அவர் மிதிக்கிறார். லாரி வந்தால் மிதிக்கிறார். ஏழு மணி நேரப் பயணம் ஒன்பதரை மணி நேரம் ஆயிற்று.

"முப்பது வருஷமா ஓட்டுறேன். எனக்கு பிரேக் போடக் கத்துக்குடுக்குறீங்களா?"

"மெதுவா போம்மா. என்ன அவசரம்," என்றார். "அதான் ரெண்டு பேரும் வண்டியிலேயே இருக்கோமே."

முற்றத்துக்கு வந்ததும் பொம்மையைப் பார்த்து நின்றுவிட்டார். "இது யாரு?"

"நீங்கதான்."

சுற்றிவந்து பார்த்தார். "என்னைவிட நேரா நிக்கிறான்," என்றார். ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார். கலெக்டர் சுற்றிவரும் மதிலோரத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

மே 12, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணிக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல் கூப்பிட்டார். குரல் முன்னைவிடச் சன்னமாக இருக்கிறது, வயிற்றை எக்கிக் கூப்பிட முடியவில்லை. ஆனாலும் எல்லாம் ஓடின. சீமாட்டிகூட ஈரத்தில் கால் வைத்து ஓடியது. நான் கூட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டேன், அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். உள்ளே வந்து டீ போட்டேன், இரண்டு டம்ளர்.

இப்போது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. இன்றைக்கு நான் கோழியை எண்ணவில்லை.